பள்ளி இல்லங்களுக்குத் தாருக் பெயர்கள்: உரியவர்களிடம் முதலில், வாக்குப்பெட்டி கடைசியில்

கேள்வி இது. மேற்குச் சிட்னியில், பரமட்டாவை அடுத்து ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. விளையாட்டுப் போட்டிகளுக்காக மாணவர்களைப் பிரித்திருக்கும் அதன் நான்கு இல்லங்களுக்கும் நெடுங்காலமாகக் குக், பிலிப், மெக்குவாரி, பிளாக்ஸ்லாண்ட் என்று குடியேற்றக் காலத்துப் பிரித்தானியரின் பெயர். அவற்றை மாற்றி, அந்த மண்ணின் அபொரிஜினல் (ஆதிக்குடி) மக்களான தாருக் இனத்தாரின் பண்பாட்டிலிருந்து புதிய பெயர்களை மாணவர்களே உருவாக்கட்டும் என்று பள்ளி தீர்மானித்திருக்கிறது. பெற்றோர் சங்கத்தில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் ஒருவர் கேட்கிறார்: எங்கிருந்து தொடங்குவது, எங்கே தவறும், பிள்ளைகளின் பங்கு எதுவரை?

முதலில் வரிசையைச் சரியாக வையுங்கள். மற்ற எல்லாத் தவறையும் திருத்திவிடலாம், இதைத் திருத்துவது கடினம். பல பள்ளிகளில் நடப்பது இப்படி: பிள்ளைகள் இணையத்தில் தேடி நாற்பது ஐம்பது சொல் சேர்க்கிறார்கள்; வகுப்புவாரியாக வாக்களிக்கிறார்கள்; வென்ற நான்கையும் வண்ண அட்டையில் எழுதி, உள்ளூர் அபொரிஜினல் மூத்தோர் ஒருவரிடம் கடைசியில் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். "இது எங்கள் மொழியே இல்லையே" என்று அவர் சொல்லிவிட்டால், நானூறு பிள்ளைகளின் ஆசையைக் கெடுத்தவர் என்ற பழி அவர்மேல் விழுகிறது. மறுக்க மனமில்லாமல் அவர் தலையாட்டிவிட்டால் தவறான பெயர் முப்பது வருடம் நிற்கிறது. இரண்டுமே அவருக்கு இழைக்கும் அநீதி. ஆகவே பிள்ளைகள் வாக்களிக்கும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். எது வென்றாலும் யாருக்கும் சங்கடம் வரக் கூடாது.

இதற்குப் பொதுவெளியில் நல்ல முன்மாதிரி உண்டு. மெல்பர்னில் மோர்லண்ட் என்று ஒரு நகரசபை இருந்தது. அந்தப் பெயர் ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய ஒரு தோட்டத்தின் பெயர் என்பதால் மாற்ற முடிவுசெய்தார்கள். அந்த நிலத்துக்குரிய வுருண்ட்ஜெரி மக்களின் மூத்தோர் மூன்று பெயர்களைத் தந்தார்கள், அந்த மூன்றுக்குள் ஊர்மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், பாறை நிலம் என்று பொருள்படும் மெரிபெக் தேர்வாகி 2022இல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், எதிலிருந்து தேர்ந்தெடுப்பது என்பதை உரியவர்கள் தீர்மானித்தார்கள். பள்ளிக்கும் இந்த ஒழுங்கே போதும்.

சரி, உரியவர்கள் யார்? பரமட்டா, டூங்காபி, பிளாக்டவுன் எல்லாம் தாருக் நிலம். ஆனால் "தாருக் மக்களிடம் கேட்டோம்" என்று சொல்வது எழுத எளிது, செய்யச் சிக்கலானது. நியூ சவுத் வேல்ஸில் பள்ளி விஷயங்களுக்கு முதல் வாசல் ஏ.இ.சி.ஜி. எனப்படும் அபொரிஜினல் கல்வி ஆலோசனைக் குழு. மாநில அமைப்பின் கீழ் வட்டாரக் குழுக்கள் உண்டு. கல்வித்துறை அதைப் பங்காளியாக ஏற்றிருக்கிறது. வட்டாரக் குழுவின் கூட்டத்துக்கு அதிபரும் ஓர் ஆசிரியரும் நேரில் போவது மின்னஞ்சல் அனுப்புவதைவிடப் பத்து மடங்கு பயன் தரும். அங்கே "இந்த நான்கு பெயருக்கு அனுமதி தாருங்கள்" என்று கேட்காமல், "இதைப் பற்றி நாங்கள் யாருடன் பேச வேண்டும்?" என்று கேளுங்கள்.

உள்ளூர் அபொரிஜினல் நிலக் கவுன்சில் இன்னொரு வாசல். இவை 1983ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. ஆனால் அந்தப் பகுதியில் வாழும் பிற அபொரிஜினல் இனத்தவரும் அதில் உறுப்பினராகலாம். ஆகவே அதன் அலுவலகத்தில் உங்களுடன் பேசுபவர் தாருக் வழிவந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் விராஜூரியாகவோ கமிலராயாகவோ இருந்தால், இன்னொரு மக்களின் மொழிக்கு அனுமதி தரத் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது. தாருக் குடும்பங்களுக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் உண்டு, சொல்லின் எழுத்திலும் எல்லை எது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பள்ளி நடுவராகக் கூடாது. ஒரு தரப்பின் பதிலைக் காட்டி மறுதரப்பை மடக்கவும் கூடாது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பட்டியல் சுருங்கும், ஆனால் நிலைக்கும்.

உங்கள் பள்ளியிலேயே அபொரிஜினல் மாணவர்கள் இருப்பார்கள். அவர்களின் வீட்டாருக்குத் தான் முதல் தொலைபேசி அழைப்பு போக வேண்டும், செய்திமடல் அச்சாவதற்கு முன்பே. மேற்குச் சிட்னியில் வாழும் அபொரிஜினல் குடும்பங்கள் பலவும் மாநிலத்தின் உட்பகுதிகளிலிருந்து வந்தவை, ஆகவே அந்தப் பிள்ளைக்குத் தாருக் சொல் தெரியும் என்று எண்ணிக்கொண்டு வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையை ஓர் இனத்தின் பேச்சாளராக்குவது பெரிய பாரம். விருப்பம் இருந்தால் குழுவில் சேரட்டும், இல்லாவிட்டால் மற்றப் பிள்ளைகளைப் போல வாக்களித்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று பெற்றோர் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். பதிலை வரலாற்றிலிருந்து சொல்லலாம். ஆளுநர் மெக்குவாரி 1814இல் பரமட்டாவில் 'நேட்டிவ் இன்ஸ்டிடியூஷன்' என்ற பள்ளியைத் தொடங்கினார். அபொரிஜினல் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து ஆங்கிலேயப் பழக்கங்களில் வளர்ப்பது அதன் நோக்கம். 1823இல் அது இன்றைய பிளாக்டவுன் பகுதிக்கு மாற்றப்பட்டது. அதே மெக்குவாரி அனுப்பிய படையினர்தான் 1816 ஏப்ரலில் சிட்னிக்குத் தென்மேற்கே அப்பினில் பெண்கள், குழந்தைகள் உட்பட அபொரிஜினல் மக்களைக் கொன்றார்கள். இன்னும் அருகே வாருங்கள்: வெள்ளையர் பெற்றோர் எதிர்த்தால் அபொரிஜினல் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கும் அதிகாரம் நியூ சவுத் வேல்ஸ் பள்ளி அதிபர்களுக்கு இருந்தது, ஆசிரியர் கையேட்டிலிருந்து அந்த விதி நீங்கியது 1972இல்தான். இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிவரும் மூத்தோர் சிலர் அந்தக் காலத்தில் பள்ளி வயதில் இருந்தவர்கள். மொழி வாயிலிருந்து போனதில் பள்ளிக்கூடத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. அதே பள்ளிக்கூடம் இப்போது வந்து சொல் கேட்கிறது. பணிவோடும் பொறுமையோடும் கேட்பது தான் முறை.

பொறுமைக்கு நாட்காட்டியிலும் இடம் விடுங்கள். ஆஸ்திரேலியப் பள்ளி ஆண்டு நான்கு தவணை, தவணைக்கு ஏறத்தாழ பத்து வாரம். முதல் தவணையில் உரியவர்களைத் தேடிப் பேசுங்கள். இரண்டாம் தவணையில் பிள்ளைகளின் கற்றல். மூன்றாம் தவணையில் சொற்கள், அனுமதி, வாக்கெடுப்பு. நான்காம் தவணையில் சின்னம், கொடி, அச்சு. அடுத்த பிப்ரவரி நீச்சல் போட்டியில் புதிய பெயர்கள் முதன்முறை ஒலிக்கும். முழு ஓராண்டு. இதை ஆறு வாரத்தில் முடிக்க நினைக்கும் பள்ளிகள் பெரும்பாலும் மே மாதக் கடைசியில் விழித்துக்கொள்பவை. மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம், ஜூலை முதல் ஞாயிறிலிருந்து அபொரிஜினல் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம். அந்த ஆறேழு வாரங்களில் ஒவ்வொரு மூத்தோரையும் பள்ளிகள், அலுவலகங்கள், நகரசபைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிடும். அப்போது அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வராது, பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சமூகத்தில் ஒருவர் இறந்துவிட்டால் எல்லா வேலையும் நின்றுவிடும். துக்க காலம் எத்தனை நாள் என்று கேட்டு நச்சரிக்காமல், திட்டத்திலேயே இரண்டு மூன்று வாரம் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சொற்கள். சிட்னி மொழிக்கு (தாருக் மொழியை அப்படியும் அழைப்பார்கள்) இருக்கும் மிகச் செழுமையான பழைய பதிவு, பிரித்தானியக் குடியேறிகளின் முதல் கப்பல் தொகுதியில் வந்த லெப்டினன்ட் வில்லியம் டாவ்ஸ் 1790, 1791இல் எழுதிய குறிப்பேடுகள். பாட்யெகராங் என்ற இளம்பெண் சொல்லிக்கொடுக்க, அவர் சொற்களோடு முழு வாக்கியங்களையும் எழுதிக்கொண்டார். அவை இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனத்தில் இருக்கின்றன. டாவ்ஸ் காது நல்ல காது. ஆனால் அவரைப் போல் கேட்காத பலரும் அதே காலத்தில் சொற்பட்டியல் எழுதினார்கள், அவரவர் ஆங்கில எழுத்துக்கூட்டலில். சாம்பல் கங்காருவுக்கான சொல் ஒருவரிடம் ஆங்கில P எழுத்தோடும் இன்னொருவரிடம் B எழுத்தோடும் வரும்: patagarang, badagarang. இரண்டில் எது சரி என்று பிள்ளைகள் சண்டை போட வேண்டாம். அந்த மொழியில் இந்த இரு ஒலிகளும் பொருளை மாற்றுவதில்லை. 'பல்', 'தம்பி' இரண்டுக்கும் ஒரே எழுத்து எழுதும் தமிழ்ப் பிள்ளைக்கு இது உடனே விளங்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கவும் அவர்களால் முடியும். எந்த எழுத்துக்கூட்டலை வைப்பது என்பதை உரியவர்கள் சொல்வார்கள். சொன்னபின் எல்லா இடத்திலும் அதே எழுத்து.

பெரிய ஆபத்து எழுத்தில் இல்லை, மொழியே மாறிவிடுவதில் இருக்கிறது. 'கங்காரு' என்ற சொல்லே நல்ல பாடம். அது 1770இல் குக்கின் கப்பல் பழுதுபார்க்க நின்ற இடத்தில், இன்றைய குக்டவுனில், குகு யிமிதிர் மக்களிடம் கேட்டு எழுதியது. 1788இல் வந்தவர்கள் அதைச் சிட்னியில் சொன்னபோது இங்கே உள்ளவர்களுக்கு அது அந்நியச் சொல். இரண்டு இடத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 2,000 கிலோமீட்டர். குக்கபரா என்ற பறவைப் பெயர் மலைகளுக்கு அப்பால் உள்ள விராஜூரி மொழியிலிருந்து வந்தது. ஐரோப்பியர் வந்தபோது இந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. "அபொரிஜினல் சொற்கள்" என்று மொழிப் பெயர் குறிக்காமல் தொகுத்த பட்டியல்கள் பழைய நூல்களிலும் குழந்தைப் பெயர் இணையதளங்களிலும் ஏராளம். அவற்றிலிருந்து எடுத்தால் தாருக் நிலத்தில் நிற்கும் பள்ளிக்கு வேறொரு மக்களின் சொல் பெயராகிவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். இல்லாத சொல்லை, இல்லாத பொருளோடு, மிகுந்த உறுதியோடு தரும். பிள்ளைகளிடம் இதை ஒளிக்காமல் சொல்லி, "எந்த மொழி, யார் சொன்னது" என்ற இரண்டு பத்தியும் நிரம்பாத சொல் பட்டியலில் ஏறாது என்று விதி வையுங்கள். அந்த இரண்டு பத்திகளே முக்கால்வாசிக் குப்பையை வடிகட்டிவிடும்.

எந்த வகைப் பெயரைத் தேடுவது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. மனிதர் பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இல்லம் என்றாலே நிறுவுநர், பழைய அதிபர், புலவர் பெயர் தான் நினைவுக்கு வரும், ஆகவே "பெமல்வோய் என்று வைக்கலாமே, வீரர் அல்லவா" என்று நம்மவர்கள் முதலில் சொல்வார்கள். பெமல்வோய் 1790களில் டூங்காபி, பரமட்டா குடியேற்றங்களை எதிர்த்துப் போரிட்டவர், 1802இல் சுட்டுக் கொல்லப்பட்டார், தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தலை திரும்பி வர வேண்டும் என்று மக்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது விளையாட்டுத் திடலில் ஒலிபெருக்கி சொல்லும் வாக்கியங்களில் அந்தப் பெயரைப் பொருத்திப் பாருங்கள்: "... கடைசி இடம்." "... தகுதிநீக்கம்." எதிரணிப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவி எள்ளுவார்கள். வாழும் வழித்தோன்றல்கள் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். இறந்தவர் பெயரைச் சொல்வதில் பல சமூகங்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே எந்தப் பெயரைப் பரிசீலித்தாலும் இந்த வாக்கியங்களில் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. தோற்கவும் கேலிபடவும் தாங்கும் பெயராக இருக்க வேண்டும்.

படைப்பு மூதாதையர் பெயர்களும் இதே சோதனையில் தங்காது. விக்டோரியாவின் கூலின் மக்களிடையே ஆப்புவால் கழுகான பன்ஜில்தான் உலகைப் படைத்தவர். வா எனும் காகம் அவருக்கு இணையானவர். அதோடு முடியவில்லை. இந்த இரண்டும் அவர்களின் சமூகம் பிரிந்திருந்த இரு பாதிகளின் பெயர்கள். கழுகுப் பாதியில் பிறந்தவர் காகப் பாதியில் தான் மணம் செய்வார். நம் ஊரில் பங்காளி, மாமன் மச்சான் என்று யார் யாரைக் கட்டலாம் என்று வகுத்திருப்பது போன்ற ஏற்பாடு. மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் மக்களிடம் காகமும் வெள்ளைக் காகதுவாவும் அப்படி இரு பாதிகள். விவரம் அறியாமல் ஓர் ஆசிரியர் பிள்ளைகளைக் 'காகம்', 'கழுகு' என்று பிரித்து அண்ணன் தங்கையை எதிரெதிர் இல்லத்தில் போட்டால், உறவுமுறையையே கலைத்துப் போடுவதாக ஆகும். பறவை தானே என்று எண்ணிவிடக் கூடாது. குறிப்பிட்ட குடும்பத்துக்குரிய குலச்சின்ன விலங்கும் இப்படியே. கேட்டால் சொல்வார்கள்.

எண்ணிக்கையும் தடுக்கி விடும். நூங்கார் ஆண்டுக்கு ஆறு பருவம்: பிராக், புனூரு, ஜெரான், மக்குரு, ஜில்பா, கம்பராங். பெர்த்தில் ஒரு பள்ளிக்கு ஆறு இல்லம் இருந்தால் அற்புதமாகப் பொருந்தும். நான்கு இல்லத்துக்காக இரண்டு பருவத்தைக் கழித்தால் அந்த அறிவையே சிதைத்து, மீண்டும் ஐரோப்பிய நான்கு பருவத்துக்குள் திணித்ததாகிவிடும். தொகுதியாக உள்ள எதையும் பாதியாக எடுக்காதீர்கள்.

எஞ்சுவது என்ன? நிறைய. நீர், மரம், மீன், பூ, கல், காற்று. பள்ளிக்கு அருகே உண்மையில் இருப்பவை. பிள்ளைகள் முதலில் "துணிவு, ஒற்றுமை, மரியாதை" என்று பண்புச் சொற்களைக் கேட்பார்கள், பள்ளி விழுமியங்களை அவர்கள் அப்படித்தான் கற்றிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் அவற்றுக்கு நேர்ச்சொல் தேடினால், வேறேதோ பொருளுள்ள சொல்லை இழுத்து வளைக்க நேரிடும். தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளின் பெயரே பாதுகாப்பு, அழகும் அதில் தான். பரமட்டா என்ற பெயரிலேயே விலாங்கு இருக்கிறது. அந்த ஆற்றோரம் வாழ்ந்தவர்கள் பர்ரமட்டகல், விலாங்கு மீன் கூடும் இடத்தார். பரமட்டா ரக்பி அணிக்கு ஏன் ஈல்ஸ் (விலாங்குகள்) என்று பெயர் என்பது ஊரறிந்தது, ஆனால் அந்த மீன் இந்த ஆற்றிலிருந்து பவளக் கடல்வரை போய் முட்டையிட்டு இறக்கிறது என்பதும், அதன் குஞ்சுகள் தாமாகத் திரும்பி இந்த ஆறேறி வருகின்றன என்பதும் பிள்ளைகளுக்குப் புதிது. ஓர் இல்லத்துக்கு அந்தக் கதை ஒன்றே போதும்.

இப்போது பிள்ளைகளின் பங்கு. அனுமதி பெற்ற பட்டியலில் வாக்களிப்பது மட்டும் என்றால் அது குறைவு தான். அவர்களின் உண்மையான உழைப்பு அதற்கு முன்பும் பின்பும் இருக்கிறது. முதல் பாடத்தில் அவர்கள் ஏற்கெனவே சிட்னி மொழி பேசுகிறார்கள் என்று காட்டுங்கள்: வாலபி, வாம்பட், டிங்கோ, கோலா, வராட்டா எல்லாம் இந்த மண்ணின் சொற்கள். பிறகு வெளியே கூட்டிச் செல்லுங்கள். பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் என்ன ஓடை, என்ன மரம், எந்தப் பறவை என்று வகுப்புக்கு ஒரு வரைபடம். அதிலிருந்து மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை, ஒவ்வொரு வகுப்பும் ஒரு கருப்பொருளை முன்மொழியட்டும்: "நம் ஓடையில் வாழும் நான்கு", "நம் பள்ளியில் நிற்கும் நான்கு மரம்", "நான்கு நீர்நிலை". சொல்லை அல்ல, கருப்பொருளை. ஏன் என்று அரைப்பக்கம் எழுதட்டும். மாணவர் குழுவிலிருந்து ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் இந்த முன்மொழிவுகளோடு மூத்தோரைச் சந்திக்கட்டும். தேநீரும் நாற்காலியும் நிழலும் முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்க வேண்டும். பிள்ளைகள் கேள்வி மட்டும் கேட்கட்டும், திரையில் படவில்லைகள் போட்டு அவருக்கே பாடம் எடுக்க வேண்டாம். அவர் எந்தக் கருப்பொருள் சரி, எந்தச் சொற்களைத் தரலாம் என்று சொல்வார். முழுக்க வேறொன்றைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் நான்கு சொல், ஆக பன்னிரண்டு சொல் கிடைத்தால் அது பெரிய செல்வம்.

வாக்கெடுப்பைத் தொகுதிக்கு வையுங்கள், தனிச்சொல்லுக்கு வேண்டாம். தனித்தனியாக வைத்தால் ஒரு மரம், ஒரு மீன், ஒரு நிறம், ஒரு வினைச்சொல் என்று பொருந்தாத நான்கு வெல்லும். 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதட்டும், ஆஸ்திரேலியத் தேர்தலைப் போலவே. முதல் எண்ணிக்கையில் எதற்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசித் தொகுதியை நீக்கி அதன் சீட்டுகளை இரண்டாம் விருப்பத்துக்கு மாற்றி எண்ணுங்கள். ஆறாம் வகுப்பு கணிதப் பாடமாகவும் அது ஆகிவிடும். எந்தச் சொல் எந்த நிறத்துக்கு என்பதைக் குலுக்கலில் விடாமல் மூத்தோரிடமே கேளுங்கள். சிவப்புக்கு வராட்டாப் பூ, மஞ்சளுக்கு வாட்டில் பூவின் பெயர் என்று இயல்பாக அமைவதும் உண்டு.

பெயர் வந்தபின் வாயில் சரியாக வர வேண்டும். பல அபொரிஜினல் மொழிகளில் சொல் 'ங' ஒலியில் தொடங்கும். நிலம் என்று பொருள்படும் 'ங்குரா' அப்படி ஒன்று. ஆங்கிலம் மட்டும் பேசும் அறிவிப்பாளர் அதை 'நகூரா' ஆக்கிவிடுவார். இரண்டு வருடத்தில் பள்ளி முழுக்க அதுவே நிலைத்துவிடும். மொழி அறிந்தவர் ஒவ்வொரு பெயரையும் மெதுவாக ஒருமுறை, இயல்பாக இருமுறை சொல்லும் சிறு ஒலிப்பதிவு, அவர் அனுமதியோடு, ஒவ்வொரு பிப்ரவரியிலும் எல்லா ஆசிரியருக்கும் போகட்டும். மாற்று ஆசிரியர்களுக்கான கோப்பிலும் வையுங்கள். இல்லக் கோஷங்கள் தனித் தலைவலி. புதுப் பெயர் வந்தவுடன் பிள்ளைகள் மேளம், முகச்சாயம், சினிமாவில் பார்த்த 'பழங்குடி' ஊளை என்று இறங்குவார்கள். கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் பார்க்கிற அபொரிஜினல் குடும்பத்துக்கு நெஞ்சில் தைக்கும். கோஷத்துக்கு எளிய விதி: பெயர், நிறம், கைதட்டல். இரண்டு அசைப் பெயர் தட்டுக்கு நன்றாக விழும், நான்கு அசைப் பெயரை இரண்டிரண்டாகப் பிரிக்கலாம், சுருக்கிச் செல்லப்பெயர் ஆக்கக் கூடாது.

சின்னத்தில் எல்லோரும் செய்யும் தவறு புள்ளி ஓவியம். இன்று உலகம் அறிந்த புள்ளி ஓவியம் மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்து மக்களுடையது, 1971இல் பபுன்யாவில் தொடங்கிய இயக்கத்திலிருந்து பரவியது. தென்கிழக்கின் மரபு கோடுகள்: மரத்தில் செதுக்கிய சாய்சதுரங்கள், போசம் தோல் போர்வையில் கீறிய கோட்டு வடிவங்கள், சிட்னி மணற்கல்லில் வெட்டிய உருவக்கோடுகள். தாருக் பெயருக்கு மேலே பாலைவனப் புள்ளிகளைப் போட்டால் பிறர் சொல்லை எடுத்த அதே பிழை மறுபடி. பிள்ளைகள் தாங்கள் பார்த்த விலாங்கையும் இலையையும் தங்கள் கையால் தங்கள் பாணியில் வரையட்டும். மரபு வடிவம் வேண்டுமானால் உள்ளூர் அபொரிஜினல் ஓவியருக்குப் பணம் கொடுத்து வரைவியுங்கள். பதிப்புரிமை அவரிடமே இருக்கும், பள்ளிக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமம் மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கொடி, சட்டை, இணையதளம், நிதி திரட்ட விற்கும் தொப்பி என ஒவ்வொன்றும் அந்த உரிமத்தில் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். தனிச்சொல்லுக்குப் பதிப்புரிமைச் சட்டம் காவல் தராது, ஆகவே சொல்லின் விஷயத்தில் பள்ளியின் வாக்கு ஒன்றே காவல்.

செலவுக்குப் பெற்றோர் சங்கம் முன்கூட்டியே ஒதுக்க வேண்டியவை: மூத்தோரின் ஒவ்வொரு வருகைக்கும் ஊதியமும் பயணச் செலவும், ஓவியருக்குக் கட்டணம், நான்கு கொடி, நான்கு பதாகை, கோப்பைகளில் புதுத் தகடு. மூத்தோர் 'ஆசையாக வருவார்கள்' என்று இலவசமாக எதிர்பார்ப்பது பழைய வழக்கம், அதை விட்டுவிடுங்கள். சட்டையில் மிச்சம் பிடிக்கலாம். நான்கு நிறங்களையும் அப்படியே வைத்து, பழைய இல்லம் ஒவ்வொன்றையும் முழுதாக ஒரு புதிய பெயருக்கு மாற்றினால் எந்த வீட்டிலும் புதுச் சட்டை வாங்க வேண்டாம். அண்ணன் தம்பி ஒரே இல்லத்தில் தொடர்வார்கள், புள்ளிகள் பதியும் கணினியிலும் பெயரை மட்டும் திருத்தினால் போதும். பிள்ளைகளை மறுபடி குலுக்கிப் பிரிப்பது தேவையற்ற சண்டை.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்: சொல், மொழி, பொருள், தந்தவர், தேதி, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, எப்போது மீண்டும் பேசுவது. அதிபர் ஐந்து வருடத்தில் மாறிவிடுவார், ஆர்வம் காட்டிய ஆசிரியரும் போய்விடுவார். தாள் அலுவலகத்தில் இருந்தால் அடுத்தவர் தொப்பி விற்கத் தொடங்குமுன் பார்ப்பார். அதன் ஒரு பிரதி, சொல் தந்தவர்களிடமும் இருக்க வேண்டும்.

பெற்றோரிடமிருந்து "வரலாற்றை அழிக்கிறீர்கள்" என்ற குரல் வரும். பழைய கோப்பைகளையும், வெற்றியாளர் பெயர்ப் பலகைகளையும் சுரண்டி அழிக்காமல் அப்படியே மாட்டிவையுங்கள். புதிய பலகை அதன் அருகே, இந்த ஆண்டிலிருந்து. குக்கையும் மெக்குவாரியையும் கூட்டத்தில் நிறுத்தி விசாரிக்கத் தேவையில்லை, கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும். எங்கள் தமிழ்ப் பெற்றோரிலும் சிலர் "நமக்கெதற்கு இது" என்பார்கள். சனிக்கிழமை தோறும் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிச் செல்பவர்களுக்கு, மொழி வாயில் நிற்பதற்கு எவ்வளவு பாடு வேண்டும் என்பது தெரியும். தாருக் குடும்பங்கள் அதே பாட்டை, கிடைத்த குறிப்பேடுகளையும் பாட்டிமார் காத்த சொற்களையும் வைத்துக்கொண்டு, சொந்த மண்ணிலேயே படுகிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் 2017இல் அபொரிஜினல் மொழிகளுக்கென்று தனிச்சட்டம் இயற்றியதும் அந்தப் பாட்டின் பலன்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: வாசல்கள் மாறும், வரிசை மாறாது. மெல்பர்னில் அந்தந்த நிலத்துக்குப் பதிவுபெற்ற அபொரிஜினல் அமைப்பையும் மாநில மொழிகள் நிறுவனத்தையும் அணுகுங்கள். அடிலெய்டில் கௌர்னா மொழிக்கு கௌர்னா வர்ரா பின்ட்யாந்தி என்ற குழு பெயர்க் கோரிக்கைகளை முறையாகவே ஏற்று ஆராய்ந்து தருகிறது. (அந்த மொழி மீள்வதற்கு அடிப்படையான 1840ஆம் ஆண்டு நூலை எழுதிய டைஷல்மன், ஷூர்மன் இருவரையும் அனுப்பியது டிரெஸ்டன் லூத்தரன் மிஷன். பின்னாளில் லைப்சிக் மிஷன் என்று தரங்கம்பாடியில் நாம் அறிந்ததும் அதே சங்கம்தான்.)

உங்கள் அடுத்த கூட்டத்தில் அதிபரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வட்டார ஏ.இ.சி.ஜி. கூட்டத்துக்குப் பள்ளியிலிருந்து யார் போகிறார், பள்ளியின் அபொரிஜினல் குடும்பங்களுடன் யார் பேசினார், மூத்தோர் ஊதியத்துக்கு எவ்வளவு ஒதுக்கியாயிற்று. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் வாக்கெடுப்புத் தேதியை அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.